மூன்றாம் தொட்டியின் பெயர்

அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டு, கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள் தாயீ. ஐயா, நீங்களும்தான். இந்த வாரம் ஒரு பெயரின் கதை சொல்லப்போகிறேன். கேலியாக வைத்த பெயர். சிரிப்பாகத்தான் ஆரம்பிக்கும். பாதி தாண்டினால் என் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றும், அதற்காகத்தான் பக்கத்தில் வரச் சொன்னேன்.

லூசியம்மாளை உங்களுக்குத் தெரியும். உவரிக் கடற்கரைக்காரி. புருஷன் தனசீலன் பம்பாயில் குர்லாப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் வேலை பார்த்தான். போன வருஷம் மழைக்காலத்தில், வாந்திபேதியில் போய்விட்டான் என்று அவன் சித்தப்பா இன்னாசிமுத்து ஊருக்குக் கடிதம் எழுதினார். கடிதத்துக்குள் தனசீலன் கழுத்தில் கிடந்த அந்தோனியார் சுரூபமும் இருந்தது. அதைக் கையில் வாங்கிய பிறகு யாருக்குச் சந்தேகம் வரும்? தாலியைக் கழற்றினார்கள். வெள்ளைச் சீலை கட்டினாள்.

மூன்று மாதத்துக்கு முன்னால் அவள் பம்பாய்க்கு வந்தது ஒரே ஒரு காரியத்துக்கு. அவன் கல்லறையைப் பார்க்க வேண்டும். மாட்டுங்கா லேபர் கேம்பில் இன்னாசிமுத்து வீட்டில் தங்கினாள். கல்லறைதான் கிடைத்தபாடில்லை. இன்னாசிமுத்துவுக்குச் செய்தி வந்தபோதே அடக்கம் முடிந்திருந்தது. அடக்கம் செய்தவர்கள் பட்டறைக் கூட்டாளிகள். அவர்கள் திசைக்கொருவராய்ச் சிதறிவிட்டார்கள். இடம் தெரிந்த ஒரே மனுஷர், பட்டறையில் ஆட்களை மேய்த்த கலீலுல்லா மிஸ்திரி. அவரும் சீக்கோடு தம் ஊருக்குப் போனவர், ஒரு வருஷம் கழித்துப் போன வாரம்தான் திரும்பி வந்திருந்தார்.

இன்றைக்கு அறுபத்தைந்தாம் வருஷம், நவம்பர் இரண்டு. கல்லறைத் திருநாள்.

காலையில் குழாயடியில் பக்கத்து வீட்டுச் சவரியம்மாள் சத்தம் போட்டாள். "ஏ அரமன, ஒன் கொடத்த எடு. பின்னால பத்து பேரு நிக்கம்லா."

லூசிதான் அந்த அரமனை. போரிபந்தர் ஸ்டேஷனில் இறங்கி, அண்ணாந்து பார்த்து, "இது எந்த ராசாவுக்க அரமன?" என்று கேட்டுவிட்டாள். கூட வந்தவன் கொழுந்தன் ஞானசீலன். அவன் வாய் சும்மா இருக்குமா? சாயங்காலத்துக்குள் லேபர் கேம்ப் முழுக்க அவள் பெயர் அதுவாகிவிட்டது. மூன்று மாதத்தில் யாரும் அவளை லூசி என்று கூப்பிட்டு அவள் கேட்கவில்லை.

பம்பாயின் வழக்கம் அது. ஊரிலிருந்து புதிதாய் வருகிறவனின் சொந்தப் பெயரைக் கேட்க யாருக்கும் பொழுது கிடையாது. வந்து நிற்கிற கோலத்தைப் பார்த்து ஒன்றை வைப்பார்கள். பட்டறையிலும் அப்படித்தான். முதல் சாயத் தொட்டியில் மங்களூர்க்காரன், அவன் பாங்டா, அதாவது அயிலை மீன். இரண்டாம் தொட்டியில் ஜோன்பூர்க்காரன், அவன் வெறும் பையா, அதாவது அண்ணன். மூன்றாம் தொட்டியில் நிற்கிறவன் நாரியல். தேங்காய். எப்போதோ ஒரு தூத்துக்குடிக்காரன் தலையில் தேங்காய் எண்ணெய் வழிய வழிய வந்து அந்தத் தொட்டியில் நின்றானாம். அவன் போய் இருபது வருஷம் ஆகிறது. பெயர் தொட்டியிலேயே தங்கிவிட்டது.

தனசீலன் முதல் கடிதத்தில் எழுதியிருந்தான்: 'இங்கே என்னைத் தேங்காய் என்கிறார்கள்.' லூசி அதைப் படித்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இப்போது அதே தொட்டியில் ஞானசீலன் நிற்கிறான்.

"நான் இன்னாரு தம்பின்னு ஒருத்தன்கிட்டயும் சொல்லல மதினி," என்று முதல் நாளே வந்து சொன்னான். "மூணாம் தொட்டில போயி நின்னேன். ஒடனே, ஏ நாரியல், கிண்டுற கட்டய எடுங்கான். எனக்குக் குண்டி வேர்த்துப்போச்சு."

சந்து முனையிலிருந்து கூட்டாளிகள் அவனைக் கூப்பிடுவார்கள். "ஏ நாரியல்." ஒவ்வொரு தடவையும் லூசியின் முதுகு தானாக நிமிரும். இரண்டு தரம் சாப்பாட்டுத் தட்டை எடுத்தே வைத்துவிட்டாள், ஞானசீலனுக்கு ஏற்கெனவே ஒன்று வைத்திருந்தும். எடுத்து வைத்த பிறகு அதைத் திரும்ப எடுக்க அவளுக்குக் கை வராது. சவரியம்மாளின் நாய்க்குப் போடுவாள்.

குளித்து வந்ததும் இன்னாசிமுத்து ஒரு துண்டுத் தாளோடு நின்றார்.

"செபத்துக்கு அவன் பேர எழுது தாயி. சாமியாரு பத்து மணிக்கு வாசிக்க ஆரம்பிச்சிருவாரு. நல்லா தெளிவா எழுது."

லூசி எழுதினாள். தனசீலன். மடித்து நீட்டினாள்.

கல்லறைத் தோட்டத்தில் கால் வைக்க இடமில்லை. செவ்வந்தியும் மெழுகுவர்த்திப் புகையும் கலந்து ஒரு வாடை. கோவாக்காரர்கள், மங்களூர்க்காரர்கள், நம் சனம், எல்லோரும் அவரவர் மண்ணைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, திரி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இன்னாசிமுத்து தாளைக் கொடுக்கப் பீடத்துப் பக்கம் போனார்.

வாசலில் கலீலுல்லா நின்றிருந்தார். அறுபது வயசிருக்கும். சீக்கில் உடம்பு பாதியாகியிருந்தது, நகக்கண்ணில் மட்டும் நீலம் போகவில்லை. கக்கத்தில் ஒரு துணிப்பொட்டலம். பள்ளிக்கூடத்தில் ஹிந்தி படித்திருந்த ஞானசீலனிடம் ஹிந்தியில் ஏதோ சொல்லிவிட்டு முன்னே நடந்தார்.

கடைசி மதில் ஓரம், புல் மண்டிய இடம். அங்கே ஒரு மரச் சிலுவை சாய்ந்து நின்றது. குறுக்குக் கட்டையில் பட்டறைச் சாயத்தால் ஹிந்தி எழுத்து.

ஞானசீலன் குனிந்து படித்தான். படித்தவன் இரண்டு அடி பின்னால் வந்தான்.

"என்னல எழுதியிருக்கு?"

"நாரியல்."

"பொறவு?"

"அவ்வளவுதான் மதினி. வேற ஒண்ணும் இல்ல." அவன் தன் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான். "நேத்து சாயங்காலங்கூட இந்தப் பேரச் சொல்லித்தான் என்னியக் கூப்புட்டானுவ."

லூசி உட்கார்ந்தாள். புல்லைப் பிடுங்கினாள். மண்ணில் உள்ளங்கையை வைத்தாள். ஒரு வருஷமாய்த் தேக்கி வைத்திருந்த அழுகை இங்கே வந்து உடையும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. மண் வெறும் மண்ணாக இருந்தது. தப்பான வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு நிற்கிற மாதிரி இருந்தது அவளுக்கு.

கலீலுல்லா பேச ஆரம்பித்தார். ஞானசீலன் துண்டு துண்டாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தான்.

"நல்ல சீவனாம். சத்தமே போடாதாம். தொட்டியக் கிண்டும்போது மெதுவா ஏதோ பாடுமாம். அழகாப் பாடுமாம்."

தனசீலன் பாடி அவள் கேட்டதில்லை. இங்கே வந்து பழகியிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள்.

கலீலுல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலும் சொன்னார். ஞானசீலன் வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான்.

"சொல்லு. என்ன சொல்லுதாரு?"

"ஒண்ணுமில்ல."

"ஞானசீலா."

"மத்தியானம் எல்லாரும் சோறு திங்கும்போது அது மட்டும் டப்பாவ எடுத்துக்கிட்டு கேட்டுப் பக்கம் போயிருமாம். மத்தவன் டப்பால மீன் இருக்குமாம். மீன் வாடையே அதுக்கு ஆவாதாம்."

பக்கத்துக் கல்லறையில் ஒரு குழந்தை மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டு அடி வாங்கியது. லூசி சிலுவையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மீன் இல்லாத நாளில் சோற்றுச் சட்டியைத் திறந்தே பார்க்காத மனுஷன் அவள் புருஷன். பெண் பார்க்க வந்த அன்றைக்கே குழம்பில் தலைத்துண்டு கேட்டவன்.

"வயசு கேளு," என்றாள்.

ஞானசீலன் கேட்டான். கலீலுல்லா தம் மேலுதட்டைத் தடவிக் காட்டி, கையை ஆட்டினார். மீசை முளைக்கவில்லை. பதினெட்டு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

தனசீலனுக்கு முப்பத்திரண்டு.

பிறகு மெல்ல மெல்ல எல்லாம் வந்தது. ஒருவன் வராத நாளில் அவன் இடத்தில் நிற்கிறவனைப் பம்பாயில் பத்லி என்பார்கள். பத்லிக்குத் தனிப் பெயரும் கிடையாது, தனிப் பதிவும் கிடையாது. வராதவனின் பித்தளை வில்லையைக் காட்டி உள்ளே போவான், வராதவனின் பெயருக்குப் பதில் சொல்வான். போன வருஷம் ஒரு சனிக்கிழமை, பெரிய நாரியல், அதாவது தனசீலன், இந்தப் பையனைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தான். எட்டு நாள் என் இடத்தில் நிற்கட்டும், வந்துவிடுகிறேன் என்று வில்லையைக் கொடுத்துவிட்டுப் போனான். எட்டு நாளில் வரவில்லை. பதினோராம் நாள் பையனுக்கு வாந்தி கண்டது. ஆஸ்பத்திரியில் என்ன பெயர் என்று கேட்டார்கள். தெரிந்த பெயரைத்தானே சொல்ல முடியும்?

"சாயத்தண்ணில கறுத்துப் போவும்னு அண்ணன் சுரூபத்தக் கழத்தி தொட்டிக்கு மேல ஆணில மாட்டியிருக்கான் மதினி. போவும்போது எடுக்க மறந்துட்டான். இவுக அது பையனுக்குள்ளதுன்னு நெனச்சுட்டாக. கிறிஸ்தவப் பையன்னு சிலுவ நட்டுட்டாக." ஞானசீலன் மூச்சு வாங்கினான். "அண்ணன் கூட்டிட்டு வந்த பையன்னு மிஸ்திரி நம்ம கேம்புக்குச் சுரூபத்தக் குடுத்து, நாரியல் செத்துப் போனான்னு சொல்லி அனுப்பியிருக்காரு. சித்தப்பாவுக்குத் தெரிஞ்ச நாரியல் அண்ணன் ஒருத்தன்தானே."

"அப்பம் பெரிய நாரியல் எங்க?"

இதைக் கலீலுல்லாவுக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அவர் இரண்டு கையையும் விரித்தார்.

அந்த நேரத்தில்தான் பீடத்திலிருந்து பெயர் வாசிப்பு அவர்கள் காதில் விழுந்தது. காற்று அந்தப் பக்கமாய்த் திரும்பியிருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் நித்திய இளைப்பாற்றி கேட்டு முணுமுணுத்தது. சூசையம்மாள். மிக்கேல். அருளப்பன்.

"தனசீலன்," என்று படித்தார் சாமியார்.

முந்நூறு பேர் அவனுக்காகச் செபித்தார்கள். எங்கேயோ ஒரு தெருவில் நடந்து போய்க்கொண்டிருக்கிறவன் இந்த நிமிஷம் காரணம் தெரியாமல் நின்று திரும்பிப் பார்த்திருப்பான் என்று லூசிக்குத் தோன்றியது. ஓடிப்போய் நிறுத்துங்கள் என்று சொல்ல எழுந்தாள். அடுத்த பெயருக்குப் போய்விட்டார் சாமியார்.

கலீலுல்லா பொட்டலத்தைப் பிரித்தார். ஒரு பழைய சட்டை. பையில் ஒரு போஸ்ட் கார்டு. எழுதி முடித்து, பெட்டியில் போடாத கார்டு. அது என்ன எழுத்தென்றே அவருக்குத் தெரியாது. வீட்டார் யாராவது வந்தால் கொடுக்க வேண்டும் என்று சீக்கோடு சீக்காய் ஊருக்கும் எடுத்துப் போய், திரும்பவும் கொண்டு வந்திருக்கிறார்.

லூசி கன்னியாஸ்திரீகள் பள்ளியில் எட்டு வரை படித்தவள். உரக்கப் படித்தாள்.

'அம்மாவுக்கு வெங்கடேஸ்வரன் அநேக நமஸ்காரம். நான் சௌக்கியம். ஒரு கம்பெனியில் வேலை. நல்லவர் ஒருத்தர் வாங்கிக் கொடுத்தார். அப்பாவுக்குக் கோபம் தணிந்ததா? தீபாவளிக்குக் கட்டாயம் வருவேன். இங்கே எனக்கு ஒரு வேடிக்கைப் பெயர் வைத்திருக்கிறார்கள். நேரில் சொல்கிறேன். கேட்டால் நீ சிரிப்பாய்.'

விலாசம் தூர தேசத்தில் இல்லை. இதே மாட்டுங்காதான். வாலாம்பாள், சுந்தரராமன் வீடு, இரண்டாம் மாடி. லேபர் கேம்பிலிருந்து கால்மணி நேர நடை.

பூசை முடிந்து வந்த இன்னாசிமுத்து, விஷயம் கேட்டு ஒரு கல்லறை மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு வருஷமாக அவர் சுமந்த துக்கம் யாருடையதோ. பேசத் தொடங்கியதும் பயந்த மனுஷராகப் பேசினார்.

"வெளிய மூச்சு விடாத தாயி. ஐயர் வீட்டுப் பிள்ளையச் சிலுவைக்கு அடியில வச்சிருக்கோம்னு தெரிஞ்சா நம்மள உயிரோட விடுவாவளா? போலீசு வரும். இவன் வேல போவும். நம்ம தனசீலன் இருக்கானா இல்லையான்னு மொதல்ல பாப்போம்."

"அண்ணன் உசுரோட இருந்தா ஒரு காயிதம் போட்டிருக்க மாட்டானா?" என்றான் ஞானசீலன்.

லூசி சட்டையை மடித்தாள். "நான் ஒரு வருசம் அழுதிருக்கேன் மாமா. அந்த அழுக எனக்குள்ளது இல்ல. அந்தம்மாவுக்குள்ளது. அவுக இன்னும் வாசலப் பாத்துக்கிட்டு இருப்பாக."

"இன்னைக்கேவா போவணும்?"

"நேத்துத் தெரிஞ்சிருந்தா நேத்துப் போயிருப்பேன்."

மாட்டுங்காவின் அந்தப் பக்கம் தெருவே வேறு மாதிரி. மாடிப்படியில் காப்பிக்கொட்டை வறுபடும் மணம். ஞானசீலன் கீழேயே நின்றுகொண்டான். "என்னிய யாராவது பேர் சொல்லிக் கேட்டா என்ன மதினி சொல்ல?" என்றான். சிரிக்கவில்லை.

கதவைத் திறந்த அம்மாளுக்கு ஐம்பதுக்குள்தான் இருக்கும். கையில் அரிசி அளந்த படி. வெள்ளைச் சீலையைப் பார்த்தார், வெறும் கழுத்தைப் பார்த்தார்.

"ஆரு? எவ்விடத்துலேர்ந்து வரேள்?"

"லேபர் கேம்புலருந்து வாரேம்மா. வாலாம்பாள்ங்கது நீங்கதானா?"

"நானாக்கும். என்ன வேணும்?"

லூசி கார்டை நீட்டினாள். சொல்லிவிட்டுக் கொடுக்க வேண்டும் என்றுதான் படியேறும்போதெல்லாம் நினைத்திருந்தாள். கை முந்திக்கொண்டது.

வாலாம்பாள் விலாசத்தின் எழுத்தைப் பார்த்ததுமே படியைக் கீழே வைத்துவிட்டார். வாசல் நிலையில் சாய்ந்து படித்தார். முடித்து, மறுபடி முதலிலிருந்து படித்தார். முகம் முழுக்க மலர்ந்துவிட்டது தாயீ. அதைப் பார்க்க முடியாமல் லூசி கீழே பார்த்தாள்.

"அவன் எழுத்தேதான். உள்ள வாங்கோ, வாசல்ல நிக்கப்படாது. எங்கே இருக்கான்? அவன் அப்பா ஏறி எறங்காத கம்பெனி கெடையாது, கேட்டேளா. வெங்கடேஸ்வரன்னு பேரச் சொல்லிச் சொல்லிக் கேட்டார். அந்தப் பேர்ல ஆருமே இல்லைன்னுட்டா. குர்லாவுல ஒரு சாயப்பட்டறை வாசல்ல கூடப் போய் நின்னார்."

நின்றிருக்கிறார். உள்ளே பையன் தொட்டியைக் கிண்டிக்கொண்டு பாடியிருப்பான்.

"உங்களை ஆரு அனுப்பினா? அன்னிக்கு வந்தாரே, அவரா?"

லூசி நிமிர்ந்தாள். "ஆரும்மா வந்தாக?"

"ரெண்டு மாசம் ஆறது. பாகிஸ்தான் சண்டை நடந்தப்போ, ஊரெல்லாம் இருட்டடிப்பு. வெளக்கு ஏத்தப்படாது. கதவைத் தட்டற சத்தம். தொறந்தா ஒரு மனுஷர். மொகம் தெரியலை. வெங்கடேசு அம்மாவான்னு கேட்டார். ஆமான்னேன். ஒண்ணும் பேசாம நின்னார். அழறார்னு தோணித்து. உள்ள வாங்கோன்னு சொல்றதுக்குள்ள படி எறங்கிப் போயிட்டார்." வாலாம்பாள் லூசியின் முகத்தை உற்றுப் பார்த்தார். "உங்க பேச்சுதான் அவருக்கும். வாரேம்மான்னார்."

லூசி மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு மாதத்துக்கு முன்னால், இந்தப் படிதான். இந்த நிலைதான். அவன் உயிரோடு இருக்கிறான். இதே பம்பாயில், தன் இடத்தில் நின்று செத்த பையனைப் பற்றி இந்த அம்மாளிடம் சொல்ல வந்து, சொல்லத் தைரியமில்லாமல், இருட்டில் திரும்பிப் போயிருக்கிறான். அவளுக்கு ஒரு வரி எழுதாதவன், இவர் வாசலில் வந்து அழுதிருக்கிறான்.

நூறு கேள்வி நெஞ்சில் முட்டியது. எந்தப் பக்கம் போனார்? மெலிந்திருந்தாரா? மறுபடி வருவேன் என்று சொன்னாரா? ஒன்றே ஒன்று கேட்டுவிட்டு அப்புறம் சொன்னால் என்ன? சொல்லிவிட்டால் இந்த அம்மாளிடம் பிறகு எதையும் கேட்க முடியாது. அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

வாலாம்பாள் கார்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சிரித்தார். "என்னமோ வேடிக்கைப் பேர் வெச்சிருக்காளாமே. என்ன பேராக்கும்? அவனுக்குச் சின்னதுலேர்ந்தே கேலி பொறுக்காது."

லூசி அவர் கையைப் பிடித்தாள். உட்கார வைத்தாள். தானும் தரையில் எதிரே உட்கார்ந்தாள். தன் கேள்விகளையெல்லாம் ஒவ்வொன்றாக விழுங்கினாள்.

"அம்மா," என்றாள், "நான் சொல்லுதத என் கையப் புடிச்சுக்கிட்டே கேளுங்க."

சொன்னாள். ஒன்றையும் மறைக்காமல், சிலுவையையும் சேர்த்து, சொன்னாள்.

கீழே தெருவில் நின்ற ஞானசீலனுக்கு மாடியிலிருந்து முதலில் ஒரு சத்தமும் கேட்கவில்லை. பிறகு கேட்டது. அவன் தலைப்பாகைத் துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, நெடுநேரம் அப்படியே நின்றான்.

இனி உங்கள் அடுப்பைக் கவனியுங்கள் தாயீ. உங்கள் வீட்டிலிருந்து வெளியூர் போன பிள்ளைகள் எந்தப் பெயரில் இருந்தாலும் சுகமாக இருக்கட்டும். அவர்களைத் தேடி வருகிறவர்களுக்கு வழி தெரியட்டும். உங்கள் கதவு தட்டப்படும்போதெல்லாம் நல்ல சேதியே உள்ளே வரட்டும், உங்கள் குடும்பத்தின் ஒரு தட்டும் ஆளில்லாமல் காத்திருக்க வேண்டாம்.